பல்லுக்குப் பத்துப் பவுன்

என் முன்பற்கள் நான்கும் பழுப்பு நிறம். நடுவில் குறுக்காகக் கோடு இழுத்தாற்போல் இருக்கும், ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளை. சென்னையில் படித்தபோது டீக்கறை என்று நினைத்தவர்கள் உண்டு. பாக்குப் போடுவாயா என்று விடுதித் தோழி ஒருத்தி கேட்டாள். காரிமங்கலத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே பல்தான்.

போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பல் இது. தர்மபுரி மாவட்டத்தின் அடிப்பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பால்பல் விழுவதற்கு முன்பே, நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லே அப்படித்தான் உருவாகும். மேலே படிந்த கறையாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. அது தெரியாமல் அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் செங்கல்பொடி, அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டு ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டார். விளக்காததால்தான் கறை என்று அடியும் விழுந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் எல்லோரையும் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார். கையில் ஒரு சோதனைப் பெட்டி வைத்திருந்தார். நாலு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஃபுளோரைடு கூடக்கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். வரிசையில் என் பாட்டில்தான் நல்ல மஞ்சள். அன்றைக்கே வேதியியல்மேல் காதல் வந்துவிட்டது என்று எழுதினால் சினிமா போல இருக்கும். எனக்கு வந்தது கோபம். வீட்டுக்குப் போய், இனிமேல் என் வாயில் செங்கல்பொடி போடாதே என்று அம்மாவிடம் கத்தினேன். ஜல்லி உடைத்துவிட்டு வந்து அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, அந்தத் தண்ணீரையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குக் கல்லுடைக்கும் வேலை. ஊரைச் சுற்றி இருக்கிற கருங்கல்லை ஆண்கள் வெடிவைத்துப் பெயர்ப்பார்கள். பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து சம்மட்டியால் ஜல்லியாக்குவார்கள். கிரஷர் வந்த பிறகு அந்த வேலை குறைந்தது. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார், எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் போவதுபோல. நானும் தங்கச்சியும்தான் பிள்ளைகள்.

2010இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் சேர்ந்தேன். அந்த நான்கு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், பசித்தது, இங்கிலீஷ் வந்தது. மூன்றாம் ஆண்டு விடுமுறையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மாப்பிள்ளையின் அத்தை, "கொஞ்சம் சிரி பாப்பா" என்றார். சிரித்தேன். பொண்ணு படிச்சிருக்கு, ஆனா பல்லு சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையும் பாலக்கோட்டுப் பக்கம்தான். அவர் சிரித்ததையும் நான் பார்த்திருந்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

*

நாலாம் ஆண்டில் ஒரு சுரங்க நிறுவனம் ஆள் எடுக்க வந்தது. தாதுவை அரைத்துச் செறிவூட்டும் ஆலைக்குப் பொறியாளர் வேண்டும் என்றார்கள். எழுத்துத் தேர்வில் நான் தேறினேன். நேர்முகத்தில் இருந்த பெரியவர் நல்ல மனிதர், மரியாதையாகவே சொன்னார். உங்களை எடுத்தால் பகல் ஷிப்ட் மட்டும்தான் போட முடியும், சட்டம் அப்படி, மற்றவர்கள் உங்கள் ராத்திரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும் என்றார்.

சட்டம் அப்படித்தான் இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, நிலத்துக்கு அடியில் எந்தப் பெண்ணும் வேலை செய்யக் கூடாது, நிலத்துக்கு மேலேயும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் என்றது. சுரங்கத்தை ஒட்டித் தாதுவைப் பக்குவப்படுத்தும் இடமும் அந்தச் சட்டத்துக்குச் சுரங்கம்தான். ஆக, நான் போக நினைத்த ஆலையும் அதற்குள் வந்துவிட்டது.

பிறகு நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் நம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். புருஷன் வெட்ட, பெண்டாட்டி கூடையில் சுமந்து ஏற்றுவார். 1929இல் விதி போட்டு, படிப்படியாக அவர்களை வெளியே அனுப்பினார்கள். பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கும் 1935ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தையும் இந்தியா ஏற்றது. அப்புறம் உலகப்போர் வந்தது, கரி தேவைப்பட்டது. 1943இல் தடையை எடுத்துவிட்டார்கள், பெண்கள் மறுபடியும் இறங்கினார்கள். போர் முடிந்ததும் 1946இல் திரும்பத் தடை. இடையில் 1944இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் மத்திய சட்டசபையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இறங்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி என்பதை அவர் அங்கே குறிப்பிட்டுச் சொன்னார். அந்த மூன்று வருடம் மட்டும் பெண்ணின் உடம்பு எப்படித் தாங்கியது என்று யாரும் கணக்கு எழுதி வைத்ததாக நான் படிக்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னேன். "நான் இருபது வருஷம் வெயில்ல கல்லு ஒடைச்சப்ப ஒரு சட்டமும் வந்து என் கையைப் புடிக்கலையே பாப்பா" என்றார்.

எனக்கு முன்னால் போனவர்கள் இல்லாமல் இல்லை. 1990களில் சந்திராணி பிரசாத் வர்மா நீதிமன்றம் வரை போய்த்தான் நாக்பூரில் சுரங்கப் பொறியியல் படித்தார். அவரைப் பற்றி அன்றைக்கே தெரிந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். போட்டிருக்க மாட்டேன். எனக்கு உடனே சம்பளம் வேண்டியிருந்தது.

காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சிக் கரி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. கொட்டாங்குச்சியைக் காற்றுப்படாமல் எரித்துக் கரியாக்கி, அதை மிகுந்த சூட்டில் நீராவியால் துளைபோட வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கிராம் கரிக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு வரும். தண்ணீர் வடிகட்டியில் போடுவது இதைத்தான். ஆனால் எங்கள் சரக்கில் நல்ல கடினமான கரி தங்கச் சுரங்கங்களுக்குப் போனது. தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரும் சயனைடும் சேர்த்துப் பெரிய தொட்டிகளில் கலக்குவார்கள். தங்கம் கரையும். அந்தக் குழம்பில் கரியைப் போட்டால் கரைந்த தங்கம் கரியின் துளைகளுக்குள் ஒட்டிக்கொள்ளும். கரி உடைந்து தூளானால் தூளோடு தங்கமும் கழிவுக்குப் போய்விடும். அதனால் கொட்டாங்குச்சியின் கெட்டித்தன்மை முக்கியம். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் அம்மாவுக்கு இந்த வேலை உடனே புரிந்தது. ஆய்வகத்தில் நானும் ஒருவகையில் தட்டித்தான் பார்த்தேன், இரும்புக் குண்டுகளோடு கரியைக் குலுக்கி.

மூன்றாவது வருடம் தான்சானியாவில் ஒரு வாடிக்கையாளரிடம் கரி சீக்கிரம் தேய்கிறது என்று புகார் வந்தது. போய்ப் பார்த்துவர யாரும் தயாராக இல்லை. நான் போனேன். மூன்று வாரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தேன், கரியில் குறை இல்லை, குழம்பைத் தள்ளும் பம்பில்தான். கிளம்பும் நாளில் அந்தச் சுரங்கத்தார் வேலைக்கு வருகிறாயா என்றார்கள்.

வீட்டில் நடந்ததை விரித்து எழுதவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்பா ஒன்று மட்டும் கேட்டார். "கோலாருக்குப் போனவங்க கதை தெரியுமா உனக்கு?"

தெரியும். அம்மாவின் சின்னம்மா ஒருவர் கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் பக்கத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் போன தமிழர்கள் வெட்டிய சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் குழி மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் அதிரும், யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை பெண்கள் குழி வாசலில் நிற்பார்கள் என்று சின்னாயா சொல்வார். சுரங்கத்துக்குள் போகாத அவர் வீட்டுக்குள் சுரங்கம் தினமும் வந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலைமலையாக அங்கே கிடக்கிறது, சைனைடு மலை என்றே பெயர். காற்றடித்தால் அந்தத் தூசி வீடெல்லாம் படியும். நாளுக்கு மூன்றுமுறை கூட்டுவாராம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். இப்போது அவருடைய பேத்திகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

அப்பாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னார்: "அங்க ஆம்பளைங்க போனாங்க, பொம்பளைங்க தூசி கூட்டுனாங்க. இவ போகட்டும்."

*

2017இல் போனேன். தார் எஸ் சலாம் இறங்கி, அங்கிருந்து விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் ம்வான்ஸாவுக்கு இன்னொரு விமானம். அதன்பிறகு சாலை. சுரங்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

முதல் நாள் சாப்பாட்டில் வெள்ளையாக ஒரு களி வந்தது. மக்காச்சோள மாவில் கிண்டியது, உகாலி என்கிறார்கள். கையால் உருட்டி, நடுவில் குழி செய்து, கீரையைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ராகியும் அங்கே உண்டு, உலேஸி என்று பெயர், கூழ் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ராகியின் பிறப்பிடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான், அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் நம்மிடம் வந்தது என்பதை அதன்பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்க் களிதான் உலகத்திலேயே பழைய களி என்று பேசும் என் மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மாமா என்றதும் இன்னொன்று. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. வயதுவந்த பெண் யாரையும் அப்படித்தான் அழைப்பார்கள். வந்த புதிதில் இருபத்தைந்து வயதுப் பெண்ணான என்னை ஆண்கள் மாமா என்று கூப்பிட, எனக்கு மீசை முளைத்தாற்போல் இருக்கும். தாய்மாமனுக்கு அவர்கள் சொல் ம்ஜோம்பா. அந்தப் பட்டத்தைச் சுமந்த ஒரு பெண் இருக்கிறார். தான்சானைட் என்ற நீலக்கல் கிடைக்கும் மெரெரானியில், பெண்கள் குழிக்குள் இறங்கக் கூடாது என்று இருந்த காலத்தில், பிலி ஹுசைன் என்பவர் 1988 வாக்கில் ஆண் உடையில் போய், ம்ஜோம்பா ஹுசைன் என்று பெயர் சொல்லி, பத்து வருடம்போல் ஆணாகவே வெட்டினார். கல் கிடைத்தது, சொந்தமாகச் சுரங்கமும் வைத்தார். ஒரு பாலியல் வன்முறைப் புகாரில் சந்தேகத்தின்பேரில் போலீஸ் பிடித்தபோதுதான் தான் பெண் என்பதை அவர் நிரூபிக்க வேண்டிவந்தது. இந்தக் கதையை எனக்குச் சொன்னது எங்கள் ஆலையின் ஆபரேட்டர். அவரை எல்லோரும் மூத்த மகனின் பெயரைச் சேர்த்து மாமா என்பார்கள். நானும் இங்கே மாமா என்றே எழுதுகிறேன்.

மாமாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. முதல் சந்திப்பில் அவர் சிரித்தார். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். என் பல். அதே பழுப்பு, அதே குறுக்குக் கோடு. அவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அருஷா?" என்று கேட்டார். அருஷா, மேரு மலைச் சரிவு, எரிமலைப் பாறைத் தண்ணீர், அங்கேயும் ஃபுளோரைடு. நான் "தர்மபுரி" என்றேன். அங்கே மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி அதில் குடிநீரை வடிகட்டும் முறை இருக்கிறது என்றும், தன் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர்தான் கொடுத்ததாகவும் சொன்னார். எங்கள் ஊரில் 2013இல்தான் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது என்றேன். ஆலையின் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்தித் தண்ணீரைப் பற்றியே பேசினோம்.

பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், ஆறிலிருந்து ஆறு. இரவும் உண்டு. எனக்கு இந்தியாவில் கிடைக்காத ராத்திரி அது. ஒரு டன் கல்லில் மூன்று கிராம் தங்கம் இருந்தாலே நல்ல கல் என்பார்கள். அரைத்து, கரைத்து, கரியில் ஏற்றி, சூடான காரக் கரைசலில் கரியிலிருந்து கழற்றி, மின்சாரம் பாய்ச்சி இரும்புக் கம்பிளிமேல் படியவைத்து, கடைசியில் உலையில் உருக்கி வார்ப்பார்கள். வார்க்கும் அறைக்குத் தங்க அறை என்று பெயர். அதற்குள் மோதிரமோ தோடோ எந்த உலோகமும் போட்டுக்கொண்டு போக முடியாது, பை இல்லாத உடுப்புதான், வெளியே வரும்போது உடல் சோதனை. பெண்ணைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும். அப்படி ஒருவரைப் போட எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும், நான் கணக்கெழுதிய தங்கத்தை நான் பார்த்ததே இல்லை.

தோட்டைக் கழற்றிவிட்டு ஒருநாள் அப்படியே அம்மாவுக்கு வீடியோவில் பேசிவிட்டேன். "என்னாடி காது மூளியா இருக்குது?" என்று பதறினார். தங்கம் எடுக்கிற இடத்தில் தங்கம் போடக் கூடாதாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

*

ஒரு ராத்திரியைப் பற்றி எழுத வேண்டும்.

சயனைடுத் தொட்டியில் எப்போதும் சுண்ணாம்பு போய்க்கொண்டே இருக்க வேண்டும். காரத்தன்மை பத்தரைக்குக் குறையாமல் இருந்தால் சயனைடு கரைசலிலேயே கிடக்கும். குறைந்தால் வாயுவாக எழும். ஒன்பதேகால் பக்கம் வந்தால் பாதி வாயுவாகிவிடும். மூச்சில் போனால் நிமிடக் கணக்குத்தான். கசப்புப் பாதாம் வாசனை வரும் என்பார்கள். ஆனால் பிறவியிலேயே சிலருக்கு அந்த வாசனை தெரியாது. எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். ஈரச் சுண்ணாம்பு கட்டியாகி ஊட்டும் குழாய் அடைத்துக்கொண்டது, அளவு இறங்குகிறது என்றார். நான் படியேறும்போதே காலரில் மாட்டிய கருவி கூவியது. அது 4.7இல் கூவும், 10ஐத் தொட்டால் எல்லோரும் வெளியேற வேண்டும். திரையில் காரத்தன்மை 9.9. சயனைடு பம்பை நிறுத்தினேன். மேடையில் இருந்த ஆறு பேரையும் காற்று வரும் திசையில் கீழே இறக்கினோம். மூச்சுக்கருவி போட்ட இரண்டு பேர் போய் அடைப்பை எடுத்தார்கள். நாற்பது நிமிடம். யாருக்கும் ஒன்றுமில்லை.

காலைக் கூட்டத்தில் எத்தனை அவுன்ஸ் போயிற்று என்று கேட்டார்கள். சொன்னேன். மறுவாரம் ஷிப்ட் அட்டவணையில் என் பெயரும் மாமாவின் பெயரும் பகலுக்கு மாறியிருந்தன. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார் மேலாளர். அந்த இரவில் மேடையில் இருந்த மற்ற ஐந்து ஆண்களின் பெயரும் இரவிலேயே இருந்தது.

எனக்கு இதில் பண இழப்பு இல்லை. நான் வெளிநாட்டு ஊழியர், எனக்கு டாலரில் மாதச் சம்பளம். மாமாவுக்கு ஷில்லிங், அதில் இரவுப்படிதான் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். கடிதம் எழுதலாம், நீ இங்கிலீஷில் எழுது, இருவரும் கையெழுத்துப் போடுவோம் என்றார். அன்றைக்கே எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மாதம் அது. நான்கு நாள் அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மாமா தன் கையெழுத்தை மட்டும் போட்டு எடுத்துப் போக வந்தபோது வெட்கப்பட்டுப் போட்டேன். ஒரு மாதம் கழித்து இருவரையும் இரவுக்கு மாற்றினார்கள். அந்த ஒரு மாதப் படியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அந்த நான்கு நாளைப் பற்றி அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருநாள் என்னைக் கூட்டிப்போனார். அங்கே சிறுகுழிகளில் தாங்களே வெட்டித் தங்கம் எடுப்பவர்கள் இருந்தார்கள். குழிக்குள் ஆண்கள். மேலே, தார்ப்பாய் நிழலில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், மடியில் பிள்ளை. பொடித்ததைப் பாதரசத்தோடு பிசைந்து, கரியடுப்பில் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். சோறாக்கும் அடுப்பும் அருகிலேயே இருந்தது. மாதவிலக்கான பெண் குழிக்குள் வந்தால் தங்கம் மறைந்துவிடும் என்று அங்கேயும் ஒரு பேச்சு உண்டு. நான் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலை வாங்கி உடைத்தேன். பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு அவர் மாமாவிடம் ஏதோ கேட்டார். "உன் அம்மா கொகோட்டோ உடைப்பவரா என்று கேட்கிறார்" என்றார் மாமா. கொகோட்டோ என்றால் ஜல்லி.

*

2019 ஜனவரியில் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெண்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், ஒரு ஷிப்டில் மூன்று பேருக்குக் குறையாமல், திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும், நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பகலிலும் வேலை செய்யலாம். இரண்டு வருடத்தில் ஆகாங்ஷா குமாரி ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் சேர்ந்த செய்தி வந்தது. கூலிக்கு வெட்டும் பெண்ணுக்கு அடியில் போக அப்போதும் அனுமதி இல்லை. அறிவிப்பை நான் செல்போனில் படித்த அதே வாரம், தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது என்று அப்பா பேசினார்.

தங்கச்சி காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியில் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றார் அப்பா. இருபது பவுன் பேசியிருந்தார்கள். பெண்ணை நேரில் பார்த்துவிட்டுப் போய், முப்பது என்று சொல்லி அனுப்பினார்கள். எதற்குப் பத்து கூடியது என்று கேட்டேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா போனை வாங்கி, "பல்லுக்கு" என்றார்.

நான் முடியாது என்றேன். வரதட்சணை வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றேன். பல்லைக் கெடுத்தது தண்ணீர், அதற்கு நாம் ஏன் அபராதம் கட்ட வேண்டும் என்றேன். கல்லூரி நாட்களில் மேடையில் பேசியதையெல்லாம் திரும்பப் பேசினேன். அன்றிரவு தங்கச்சி தனியாக அழைத்தாள்.

"உனக்கென்ன அக்கா, நீ பிளேன் ஏறிப் போயிட்ட. நான் இந்தத் தெருவுலதான் சிரிச்சாகணும்."

பல்லுக்கு மூடி போட்டுக்கொள்ளலாம், சேலத்தில் போடுகிறார்கள், நான் பணம் தருகிறேன் என்றேன். "அதைப் போட்டுக்கிட்டு ஏமாத்திட்டாங்கன்னு நாளைக்குச் சொன்னா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படி, வேலைக்குப் போ, கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கும் அவளுக்கும் ஏற்கெனவே பேச்சு இருந்தது, அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

கொடுத்தேன். முப்பதுக்கும் நான்தான் கொடுத்தேன். ஆவணியில் கல்யாணம். பவுன் முப்பதாயிரத்தைத் தொட்டிருந்த நேரம், பல்லுக்கு மட்டும் மூன்று லட்சம். அந்த மாதம் இரவு ஷிப்டில் என்னை அறியாமல் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். டன்னுக்கு மூன்று கிராம், அதில் தொண்ணூறு சதம் பிடிபட்டால், எட்டுக் கிராம் பவுன் ஒன்றுக்கு மூன்று டன் கல். (நகையில் சேரும் செம்பைக் கழித்தால் கொஞ்சம் குறையும்.) பத்துப் பவுனுக்கு முப்பது டன். பத்து டன் டிப்பராக இருந்தால் மூன்று டிப்பர். தங்கச்சியின் நாலு பல்லுக்கு மூன்று டிப்பர் கல்லை அரைத்து, அதில் விஷம் கலக்கி, எங்கள் ஊர்க் கொட்டாங்குச்சிக் கரியில் பிடித்து எடுக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வந்தேன். மண்டபத்தில் எல்லோரும் என் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். பெரிய பொண்ணு ஆப்பிரிக்காவுல தங்கச் சுரங்கத்துல இருக்குது, அப்படியே எடுத்தாந்து போட்டுடுச்சு என்றார் ஓர் அத்தை. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் படிப்பைப் பற்றி ஊரில் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். பெண்ணியம் பற்றிய புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டபோது இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நிறைய யோசித்தேன்.

மாமாவிடம் சொன்னேன். அங்கே பையன் வீட்டார்தான் பெண்ணுக்கு மாடும் பணமும் தருவார்களாம், மஹாரி என்று பெயர். பெண்ணுக்கும் தந்து தங்கமும் தருவீர்களா என்று நம்ப முடியாமல் இரண்டுமுறை கேட்டார். அப்புறம், தன் பல்லுக்காக இரண்டு மாடு குறைத்துப் பேசினார்கள் என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார், வாயை மூடாமல்.

தங்கச்சிக்கு 2020இல் பெண் பிறந்தது. முப்பதில் பதினெட்டுப் பவுன் இப்போது அடகில் இருக்கிறது, வட்டியை அவ்வப்போது நான் அனுப்புகிறேன். ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் கொடு, போர்த் தண்ணீரை வாயில் வைக்காதே என்று ஒவ்வொரு போனிலும் சொல்வேன். அக்காவுக்கு வேற பேச்சே இல்லை என்பாள்.

போன மாதம் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு போட்டோ அனுப்பினாள். பாப்பாவின் கீழ்வரிசையில் பால்பல் ஒன்று விழுந்து, அந்த இடத்தில் புதுப்பல் தலைகாட்டுகிறது. மாமாவிடம் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எச்சில் ஈரத்தில் பளபளத்தது. ஈரமாக இருந்தால் தெரியாது, துடைத்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொல் என்றார். சொன்னேன். பாப்பா வாயைத் திறக்க மாட்டேங்குது, நாளைக்கு எடுக்கிறேன் என்று பதில் வந்தது.